சூடாகாத சிப் வந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, சினிமா, பாட்டு, பழைய கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டலாம் என்று இப்போது பல வீடுகளில் யோசிக்கிறார்கள். உடனே வருகிற கேள்வி, "எந்த ப்ராசஸர் சார் வாங்கலாம், எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்பது. கேள்வியின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் "எத்தனை வாட், எத்தனை வோல்ட்?" என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்கக் கற்றுக்கொள்ள அந்தத் தொழிலுக்கே பல வருடம் பிடித்தது. நடுவில் உலகத்தின் மிகப் பெரிய சிப் கம்பெனியின் தலைவர் மேடையில் முழங்கால் போட வேண்டியும் வந்தது. அந்த வரலாறு தெரிந்தால் கடையில் என்ன கேட்பது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் கொஞ்சம் பழைய பாடம். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும், அதை ஒட்டிய கம்பியும் சேர்ந்து ஒரு குட்டி மின்தேக்கி மாதிரி. ‘ஒன்று’ என்றால் அதில் மின்னூட்டம் நிரம்புகிறது. ‘பூஜ்யம்’ என்றால் கொட்டப்படுகிறது. நிரப்பு, கொட்டு, நிரப்பு, கொட்டு என்று நொடிக்குப் பல கோடி முறை இதே வேலைதான். இதில் செலவாகும் ஆற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

நேரான சுவர் உள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு அடிக்கு நிரப்புவதற்குப் பதில் இரண்டு அடிக்கு நிரப்பினால், தண்ணீரின் அளவு பாதி. அந்தத் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரமும் பாதி. அப்படியானால் உழைப்பு பாதி அல்ல, கால் பங்கு. தொட்டியின் தண்ணீர் மட்டம்தான் இங்கே மின்னழுத்தம். ஆகவே சிப் செலவழிக்கும் திறன் என்பது மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் இருமடி, அதிர்வெண் மூன்றையும் பெருக்கி வருவது. அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் வெப்பம் பாதியாகும். வோல்ட்டைப் பாதியாக்கினால் கால் பங்காகும். அந்த ‘இருமடி’ என்ற ஒரு சொல்லில்தான் இந்தக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

வோல்ட்டைக் குறைத்தால் டிரான்சிஸ்டர் மெதுவாகும் என்பது உண்மை. ஆனால் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், வோல்ட்டையும் கூடவே இறக்க முடிகிறது. இரண்டும் சேர்ந்து இறங்கும்போது வெப்பம் தடதடவென்று விழுகிறது.

இதற்கு நல்ல உதாரணம் இன்டெலின் முதல் பென்டியம். 1993-ல் வந்த 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது, அதிகபட்சம் 16 வாட் அளவுக்குச் சூடு தந்தது. அன்றைக்கு அது பெரிய சூடு. அடுத்த வருடமே 3.3 வோல்ட்டில் ஓடும் 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் வந்தது. அதன் சூடு சுமார் 10 வாட்தான். வேகம் ஒன்றரை மடங்கு கூடியிருக்கிறது, சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. மேலே சொன்ன பெருக்கலைத் தாளில் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒத்துவரும்.

இது நடக்கும் என்பதை 1974-லேயே எழுதி வைத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு. நம் கம்ப்யூட்டர்களில் இருக்கும் டி.ராம் நினைவகத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். டிரான்சிஸ்டரின் நீள அகலங்களையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிக்கொண்டே போனால், ஒரு சதுர மில்லிமீட்டரில் உண்டாகும் வெப்பம் மாறாமல் இருக்கும் என்று அவரும் அவருடைய சக ஊழியர்களும் காட்டினார்கள். சிறிதாகச் சிறிதாக வேகமும் கூடும், சூடும் ஏறாது. விருந்துக்குப் போன இடத்தில் மொய்யும் திருப்பிக் கொடுத்த மாதிரி. இந்த வசதி இருந்த வரைக்கும் யாரும் வாட்டைப் பற்றி ரொம்பக் கவலைப்படவில்லை.

கவலைப்பட்ட சிலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் சென்னையில் பிறந்தவர், அனந்தா சந்திரகாசன். பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொறியியல் துறைகளுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தவர். 1992-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, சாமுவேல் ஷெங், பேராசிரியர் ராபர்ட் புரோடர்சன் ஆகியோருடன் சேர்ந்து குறைந்த மின்திறன் சிப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்றைக்கும் அந்தத் துறையில் அடிப்படைப் பாடம் அது.

அதில் அவர்கள் செய்து காட்டியது எளிமையானது. ஒரு கணக்கைச் செய்ய ஒரு சுற்று 5 வோல்ட்டில் வேகமாக ஓடுகிறது. அதே மாதிரி இன்னொரு சுற்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பாதி வேகத்தில் ஓட விட்டால் மொத்த வேலை அதே அளவு நடக்கும். பாதி வேகம் போதும் என்பதால் வோல்ட்டை 2.9-க்கு இறக்கலாம். சுற்றுகள் இரண்டானாலும் மின்செலவு முதலில் இருந்ததில் சுமார் 36 சதவீதம்தான். ஒரே ஆளைத் தலைதெறிக்க ஓடவிடுவதை விட, இரண்டு பேரை நிதானமாக நடக்க விட்டால் சாப்பாட்டுச் செலவு குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையும் உண்டு: சிப்பில் பிடிக்கும் இடம் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. டிரான்சிஸ்டர் மலிவாக மலிவாக அந்த விலை குறைந்துகொண்டே வந்தது. இன்று நம் போனில் நான்கு, எட்டு என்று கோர் இருப்பதற்கு அடியில் இருக்கும் கணக்கு இதே கணக்குதான்.

இங்கிலாந்தில் இன்னொரு சிறிய கூட்டம் இருந்தது. கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற கம்பெனியில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் ஆர்ம் என்ற ப்ராசஸரை வடிவமைத்தார்கள். விலை உயர்ந்த பீங்கான் உறையில் வைக்காமல் மலிவான பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டும், அது உருகிவிடக் கூடாது, அதனால் 1 வாட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கவலை. கஞ்சத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தது. அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. ஆனால் சிப் வேலை செய்துகொண்டிருக்கிறது! பிறகுதான் தெரிந்தது, அதற்கு மின்சாரம் தரும் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்ற கம்பிகள் வழியாக வந்த சமிக்ஞைகளில் இருந்து கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடியிருக்கிறது. ஆய்வகத்தில் மீட்டர் பூஜ்யம் காட்டினால் உடனே மீட்டரைத் தட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கதையை நினைவில் வையுங்கள். அந்த வம்சத்துச் சிப்தான் இன்று உங்கள் கையில் இருக்கும் போனிலும் இருக்கிறது.

ஆனால் மேஜைக் கம்ப்யூட்டர் உலகம் இவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது வேறு போதையில் இருந்தது.

2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தது. கடையில் மக்கள் பார்க்கிற ஒரே எண் கிகாஹெர்ட்ஸ் என்பதால், அந்த எண்ணை ஏற்றுவதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது என்று சொன்னால் பெரிய தவறில்லை. ஒரு கட்டளையைச் செய்து முடிக்கும் வேலையை 20 சின்னப் படிகளாக உடைத்தார்கள். முந்தைய பென்டியம் 3-ல் அது பத்துப் படிதான். படி சின்னதானால் தாளத்தை வேகமாகத் தட்டலாம், எண் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு தாளத்தில் நடக்கும் வேலை குறைவு. சின்னச் சின்ன அடி வைத்து ஓடுகிறவன் காலை எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணிப் பரிசு கொடுப்பது போன்றது இது.

இதன் ஆபத்தை அந்தக் கம்பெனிக்குள்ளேயே சொன்னவர்கள் உண்டு. 2001 பிப்ரவரியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த சிப் பொறியாளர் மாநாட்டில் இன்டெலின் பாட் கெல்சிங்கர் பேசினார். இதே போக்கில் போனால் சிப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் உண்டாகும் வெப்பம் அணு உலையை எட்டும், பிறகு ராக்கெட்டின் வாயை எட்டும், அதற்கப்புறம் சூரியனின் மேற்பரப்பை எட்டும் என்று எச்சரித்தார். கேட்டவர்கள் ரசித்தார்கள். கடையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

சரியாக அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டரை ஹாலுக்குக் கொண்டுவரும் ஆசை பிறந்தது. 2002-ல் மைக்ரோசாஃப்ட் ரிமோட்டை வைத்து இயக்கும் மீடியா சென்டர் விண்டோஸை வெளியிட்டது. அதே வருடம் லினக்ஸ்காரர்கள் மித் டி.வி. என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் ஓட்ட ஒரு மென்பொருளும் அப்போது பிறந்தது, அதுதான் இன்று கோடி என்ற பெயரில் இருக்கிறது. எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் பெட்டிக்குள் பென்டியம் 4-ஐ வைத்தால் விசிறியின் சத்தம் படத்தின் வசனத்தை மிஞ்சியது. அலுவலகத்தில் அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில், கதாநாயகி மெல்லிய குரலில் பேசும்போது, பக்கத்தில் மிக்ஸி ஓடுவது போன்ற சத்தத்தை யார் பொறுப்பார்கள்?

இந்த இடத்தில் தைவானின் வியா கம்பெனியை மறக்கக் கூடாது. அதற்கு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் சென்டார் என்ற ஒரு சிறிய வடிவமைப்புக் குழு இருந்தது, கிளென் ஹென்றி அதன் தலைவர். பெரிய கம்பெனிகளோடு வேகத்தில் போட்டி போட அவர்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் சின்னதாக, மலிவாக, சூடில்லாமல் செய்வோம் என்று முடிவு செய்தார்கள். 2001-ல் வியா 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர் அளவுள்ள மதர்போர்டு வடிவம் ஒன்றை அறிவித்தது, மினி ஐ.டி.எக்ஸ். என்று பெயர். அடுத்த வருடம் எபியா என்ற போர்டு வந்தது. அதில் 533 மெகாஹெர்ட்ஸ் சிப் ஒன்றுக்கு விசிறியே கிடையாது, மேலே ஓர் அலுமினியத் துண்டு மட்டும். அது மெதுவானதுதான். ஆனால் அதன் பின்னர் வந்த போர்டுகளில் டி.வி.டி. படத்தை விரித்துக் காட்டும் வேலையைத் துணைச் சிப்பிலேயே ஒரு தனிப் பகுதிக்குக் கொடுத்துவிட்டார்கள். ப்ராசஸர் மெதுவாக இருந்தும் படம் தடங்கல் இல்லாமல் ஓடியது. இந்தத் தந்திரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் பெரிய ஆளாக வருகிறது. கம்பெனி பெரிதாக வளரவில்லை, ஆனால் அந்த 17 சென்டிமீட்டர் அளவு இன்றும் உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது.

டிரான்ஸ்மெட்டா என்ற இன்னொரு கம்பெனியும் 2000-ல் குரூசோ என்ற சிப்பைக் கொண்டுவந்தது. வேலையின் அளவைப் பார்த்து வோல்ட்டைத் தானே ஏற்றி இறக்கும் சிப் அது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அங்கேதான் அப்போது வேலை பார்த்தார். பேச்சு பெரிதாக இருந்தது, விற்பனை அந்த அளவுக்கு இல்லை.

உண்மையான திருப்பம் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்து வந்தது. அங்கே 1974 முதல் இன்டெலுக்கு ஒரு வடிவமைப்பு மையம் உண்டு. 1990-களின் கடைசியில் அவர்கள் டிம்னா என்ற சிப்பைச் செய்துகொண்டிருந்தார்கள். ப்ராசஸர், திரைக்குப் படம் வரையும் பகுதி, நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதி எல்லாமே ஒரே சிப்பில். மலிவான கம்ப்யூட்டருக்கான திட்டம். அது நம்பியிருந்த நினைவக வகை விலை இறங்காமல் போனது, மாற்று வழிக்கு வைத்த துணைச் சிப்பிலும் கோளாறு. 2000-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். கிட்டத்தட்ட முடிந்த வேலை. என் கருத்தில், டி.வி.க்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த சிப்பின் வடிவம் அன்றைக்கே கையில் இருந்தது. பத்து வருடம் கழித்து எல்லோரும் அதே வடிவத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் குழுவுக்கு அடுத்துக் கிடைத்தது லேப்டாப்புக்கான சிப். பெயர் பனியாஸ். ஜோர்டான் நதியின் ஊற்றுகளில் ஒன்றின் பெயர் அது. பேட்டரியில் ஓட வேண்டும் என்பதால் பென்டியம் 4-ன் வழி அவர்களுக்கு உதவாது. பென்டியம் 3-ன் வழியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தாளத்திலும் அதிக வேலை நடக்கும்படி செய்தார்கள். பெரிய தற்காலிக நினைவகம் வைத்தார்கள், ஆனால் அதில் அந்த நொடிக்குத் தேவைப்படாத பகுதி தூங்கும்படி அமைத்தார்கள். ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைக்கச் சொல்லும் நம் வீட்டுப் பாட்டிகளின் புத்தி.

2003 மார்ச்சில் அது பென்டியம் எம் என்ற பெயரில் வந்தது. 1.6 கிகாஹெர்ட்ஸ் சிப் முழு வேகத்தில் 1.484 வோல்ட், 24.5 வாட். வேலை குறைந்தால் 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி 0.956 வோல்ட்டுக்கு வந்துவிடும், அப்போது 6 வாட். இன்னும் குறைந்த வோல்ட்டில் ஓடுவதற்காகவே தேர்ந்தெடுத்த 900 மெகாஹெர்ட்ஸ் வகை ஒன்றும் வந்தது, அதற்கு மொத்தமே 7 வாட். ஒப்பிட்டால், அந்தக் காலத்தில் வேகமான பென்டியம் 4 ஒன்று 80 வாட்டைத் தாண்டியது. எண்ணில் 1.6 என்று சிறியதாகத் தெரிந்த பென்டியம் எம், பல வேலைகளில் 2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய பென்டியம் 4-க்குச் சமமாக நின்றது.

ஹாலில் கம்ப்யூட்டர் வைக்க ஆசைப்பட்டவர்களுக்கு இது வரப்பிரசாதம்தான். ஆனால் கடையில் கிடைக்காது! அது லேப்டாப் சிப், மேஜைக் கம்ப்யூட்டருக்கான போர்டுகளில் பொருந்தாது. பொருந்தும்படி வந்த சில போர்டுகளின் விலையோ யானை விலை. 2005-ல் ஏசஸ் கம்பெனி ஒரு சின்ன இடைப்பலகையை விற்றது. அதை வைத்தால் பென்டியம் 4 போர்டு சிலவற்றில் பென்டியம் எம்-ஐப் பொருத்தலாம். ஒரே கம்பெனியின் நல்ல சிப்பை அதே கம்பெனியின் மற்றொரு சிப்புக்கான இடத்தில் உட்கார வைக்க, வெளிக் கம்பெனி ஒன்று பலகை செய்து கொடுக்க வேண்டியிருந்தது. விளம்பரத்துக்குக் கிகாஹெர்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலம், வேறென்ன சொல்ல.

அதற்குள் டென்னார்டின் விருந்து முடிந்துவிட்டது. டிரான்சிஸ்டர் மிகச் சிறிதானதும், அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. இறுக்கி மூடினாலும் சொட்டுகிற பழைய குழாய் மாதிரி. கசிவைத் தடுக்க வேண்டும் என்றால் வோல்ட்டை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. வோல்ட் இறங்காவிட்டால், அளவைச் சுருக்கினாலும் சூடு குறையாது. 2004 பிப்ரவரியில் வந்த புதிய பென்டியம் 4, பிரெஸ்காட், படிகளை 31-ஆக ஏற்றியது. சூடு 100 வாட்டைத் தாண்டியது. அடுத்து வர வேண்டிய தேஜஸ் என்ற சிப்பை அந்த மே மாதமே கைவிட்டார்கள். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வருகிறது என்று வாக்குக் கொடுத்திருந்ததையும் அக்டோபரில் ரத்து செய்தார்கள். அந்த மாதம் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஆயிரக்கணக்கானோர் கூடிய மாநாட்டு மேடையில், தலைவர் கிரெய்க் பாரெட் அதற்காக முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டார். வேடிக்கையாகச் செய்ததுதான். ஆனாலும் அந்தக் கம்பெனியின் பாதை அங்கே திரும்பியது.

2005 ஜூனில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், பவர் பி.சி. சிப்பை விட்டு இன்டெலுக்கு மாறுவதாக அறிவித்தபோது சொன்ன காரணம், ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்பது. கிகாஹெர்ட்ஸ் அல்ல. 2006 பிப்ரவரியில் புதிய மேக் மினி வந்தது. பக்கம் 16.5 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர், கூடவே ஒரு ரிமோட். உள்ளே இருந்தது பனியாஸ் வம்சத்து லேப்டாப் சிப். அந்த ஜூலையில் கோர் 2 டுவோ வெளியானது. அதுவும் ஹைஃபாவில் உருவான வடிவம்தான். மேஜைக் கம்ப்யூட்டருக்கே 65 வாட், வேகத்திலும் பென்டியம் 4 வம்சத்தை ஓரம் கட்டியது. மூலையில் லேப்டாப்புக்காக உட்கார்ந்து சிக்கனம் பார்த்தவர்கள் வீட்டு நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது ‘லோ வோல்ட்டேஜ்’ சிப்பைத் தேர்ந்தெடுப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். அது தனியாகச் செய்கிற சிப் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. ஒரே வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகள் அச்சாகின்றன. ஒரே மரத்து மாங்காய் எல்லாம் ஒரே ருசியாகவா இருக்கிறது? சில சிப்புகள் குறைந்த வோல்ட்டிலேயே சரியாக ஓடும், சிலவற்றுக்குக் கூடுதல் வோல்ட் வேண்டும். சோதித்துப் பொறுக்கி எடுத்து, நல்லவற்றைத் தனி விலையில் விற்கிறார்கள். 2006-ல் ஏ.எம்.டி. விற்ற அத்லான் 64 எக்ஸ்2 3800+ இதற்குக் கண்ணாடி போன்ற சாட்சி. 2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரே பெயரில் மூன்று வகை: 89 வாட், 65 வாட், 35 வாட். வேகம் ஒன்றே, முக்கிய வேறுபாடு வோல்ட்டில். அடுத்த வருடம் பி.இ. 2350 என்று 45 வாட் சிப்பையும் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பொழுதுபோக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். கைவைத்துப் பார்க்கிற ஆர்வம் உள்ளவர்கள் சாதாரணச் சிப்பையே வாங்கி, பயாஸில் போய் வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு படி மேலே நிறுத்தினார்கள். நம் ஆய்வக வகுப்பில் கற்ற முறைதான் அது.

2008-ல் இன்டெல் ஆட்டம் என்ற சிப்பைக் கொண்டுவந்தது. மேஜை வகையான ஆட்டம் 230-க்கு வெறும் 4 வாட். எல்லோரும் குதித்தார்கள். ஆனால் அதனுடன் கொடுத்த பழைய துணைச் சிப் 22 வாட் எடுத்தது! இன்டெலே விற்ற போர்டில் ப்ராசஸருக்கு விசிறி இல்லை, துணைச் சிப்பின் மேல் விசிறி சுற்றியது. மாப்பிள்ளை சைவம், தோழர்கள் எல்லாம் பிரியாணி. அதற்கு மேல், உயர்தர 1080 வரிப் படத்தை ஓட்ட முயன்றால் விக்கி விக்கி நின்றது. 2009-ல் என்விடியா தன்னுடைய அயான் துணைச் சிப்பை அதே ஆட்டத்தோடு சேர்த்ததும் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ப்ராசஸர் மாறவில்லை. படத்தை விரிக்கும் வேலைக்கென்று தனிப் பகுதி வந்தது, அவ்வளவுதான். வியா செய்த அதே தந்திரம். பொது வேலை செய்யும் ப்ராசஸரை வைத்துப் படம் விரிப்பது, தேங்காய் துருவ அரிவாளை எடுப்பது மாதிரி. அந்த ஒரு வேலைக்கென்றே அமைத்த பகுதி, மிகக் குறைந்த வாட்டில் அதை முடித்துவிடும்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியது 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை. 35 டாலர். 700 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் ப்ராசஸர், அந்தக் காலத்துக்கே பழைய வகை. செல்போன் சார்ஜரில் ஓடியது. விசிறியும் கிடையாது, அலுமினியத் துண்டும் கிடையாது. ஆனால் 1080 வரிப் படத்தைத் தடங்கல் இல்லாமல் காட்டியது, ஏனென்றால் உள்ளே நல்ல வீடியோ பகுதி இருந்தது. பழைய டி.வி.டி. வடிவத்தை அதே பகுதியில் ஓட்டுவதற்கு மட்டும் தனியாக உரிமம் வாங்க வேண்டும், 2 பவுண்டு 40 பென்ஸ். திறமை சிப்புக்குள்ளேயே இருந்தது, சாவிக்குத்தான் காசு.

இன்றைக்குக் கடைக்குப் போகிறவர்களுக்கு. 2023-ல் வந்த இன்டெல் என் 100 போன்ற சிப்புகளுக்கு அடிப்படை அளவு 6 வாட்தான், நான்கு கோர், ஹெச்.இ.வி.சி., ஏ.வி.1 என்ற புதிய வடிவங்களை விரிக்கும் பகுதியும் உள்ளே உண்டு. டி.வி. பெட்டிக்கு அது தாராளம். ஒன்று கவனியுங்கள்: அந்த 6 வாட் என்பது நிதானமாக ஓடும்போது. அவசர வேலை வந்தால் சிறிது நேரம் அதைப் பல மடங்கு தாண்டும், ஆகவே ‘6 வாட்’ என்ற அட்டையை மட்டும் நம்பி காற்றே போகாத பிளாஸ்டிக் பெட்டியை வாங்காதீர்கள். இன்டெல் சிப்பின் எண்ணுக்குப் பின்னால் ‘டி’ எழுத்து இருந்தால் 35 வாட்டுக்குக் கட்டுப்படுத்திய வகை என்று பொருள். சும்மா இருக்கும்போதும் படம் ஓட்டும்போதும் அதற்கும் சாதாரண வகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உச்ச வேலையில்தான் தெரியும். அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

மின்கட்டணத்தையும் பாருங்கள். 60 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால், நம் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 86 யூனிட். இலவச யூனிட்டில் பெரிய பங்கை அதுவே தின்றுவிடும். 10 வாட் பெட்டி என்றால் 14 யூனிட்டை ஒட்டி.

புதிதாக எதுவும் வாங்காமல் சமாளிக்கவும் வழி உண்டு. அலமாரியில் மூடி வைத்த பழைய லேப்டாப் இருக்கிறதா? அதுவும் குறைந்த வோல்ட்டில் ஓடும் கம்ப்யூட்டர்தான். பின்புறம் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் டி.வி.யோடு இணைத்து கோடியை ஏற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். விசிறித் துளையில் இருக்கும் தூசியைத் தட்டுங்கள். சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் வைக்காமல், சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.